எழுந்திரிப்பதில் பேச்சே இல்லை

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவளைக் கேட்காமல் எழுதுவது முறையில்லை. கேட்டாலோ, "உங்க இஷ்டம் சிஸ்டர்" என்பாள். அந்த மூன்று சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருக்கிறது.

இப்போது அவள் புனேயில் இருக்கிறாள். போகாதே என்று சொல்ல எனக்கு மூன்று வாரம் இருந்தது. எங்கள் ரயில் பெட்டியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதிலிருந்து யார் மகளை எந்தக் காலேஜில் சேர்க்க வேண்டும் என்பதுவரை கேட்டாலும் கேட்காவிட்டாலும் தீர்ப்புச் சொல்கிற வாய் இது. அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எண்ணிப் பார்த்தால் அவளைப் பற்றி முழுக்கவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பெங்களூரை ஒட்டிய ஒயிட்ஃபீல்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டர். வீடு பழைய தங்கச் சுரங்கப் பக்கம், மைசூர் மைன்ஸில். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது; அதற்கப்புறம் வீட்டில் நானும் டிவியும்தான். காலையில் மாரிகுப்பத்தில் ரயில் கிளம்பும்போது லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரம் நான் இருப்பேன். அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் மற்றவர்கள் ஏறுவார்கள். அவள் கோரமண்டலில் ஏறுவாள். கறுப்புப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, கதவுக்கும் முதல் பெஞ்சுக்கும் நடுவே உள்ள கம்பியைப் பிடித்து நின்றுகொள்வாள். கண்டோன்மெண்ட் வரை அவள் போக வேண்டும். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை.

யாரையும் நீங்க, வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். கடலை விற்பவரும் நீங்க, நானும் நீங்க. அவளைவிட எட்டு வயது மூத்தவளாக இருந்தாலும் எனக்கே அது கூச்சமாக இருக்கும். ஒருநாள் கே.ஆர்.புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். "ஆட்டோ கிடைக்கும் சிஸ்டர். பஸ்ஸும் வருது. நடந்தா இருபது நிமிஷம், வழியில நெழல் உண்டு" என்றாள். "நீயா இருந்தா எதுல போவே?" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "அது நான் போறது. நீங்க போறது வேற இல்லீங்களா?" என்றாள். இவளிடம் வழி கேட்டதற்கு மண்டபத்தையே மறந்துவிடலாம் என்று எனக்குக் கோபம் வந்தது.

அவள் வேலை என்ன என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆஸ்பத்திரி மெஷினிலும் எல்லாவற்றுக்கும் அடியிலே ஒரு புரோகிராம் இருக்குமாம். மற்ற புரோகிராம்களுக்கெல்லாம் அதுதான் இடம் கொடுக்கும். ஒன்றை எழுப்பிவிட்டு இன்னொன்றை உட்கார வைக்கும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். அதை எழுதுகிறவர்களில் அவள் ஒருத்தி.

"அப்போ நம்ம பெட்டி மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"அதே மாதிரிதான் சிஸ்டர். அங்க சண்டை மட்டும் வெளியே கேக்காது."

எங்கள் பெட்டியில் சண்டை வெளியே மட்டுமல்ல, பங்காருபேட்டை வரைக்கும் கேட்கும். நாங்கள் பதினான்கு பேர். எதிரெதிராக இரண்டு பெஞ்ச், நெருக்கி உட்கார்ந்தால் எட்டுப் பேர். மாரிகுப்பத்தில் ஏறுகிறவர்கள் பின்னால் ஏறப்போகிற தோழிகளுக்காகக் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடிப்பது வழக்கம். ஒரு கர்ச்சீப்புக்கு ஓர் இடம். சிலர் டிபன் பையையும் வைப்பார்கள், குடையையும் வைப்பார்கள். ஒருநாள் நான் போட்ட கர்ச்சீப்பை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, ஊரிகம் ஸ்டேஷனில் ஏறுகிற ஊரிகம் அக்கா உட்கார்ந்துவிட்டாள். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் அவள். குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா, ரயிலை உங்க வூட்டுக்காரரு வாங்கி உட்டுட்டுப் போனாரா? துணியைப் போட்டா சீட்டு சொந்தமாயிடுமா?" என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் நான். கோரமண்டலில் ஏறியவள் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்தாள். மூச்சு வாங்க நாங்கள் நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு இடத்துல மாத்திக்கலாம் சிஸ்டர். பங்காருபேட்டையில ஒரு தடவை, மாலூர்ல ஒரு தடவை. ஸ்டேஷன் வந்தா எழுந்திரிக்கணும். எழுந்திரிக்கறதுல பேச்சே இல்ல. யாரு எழுந்திரிக்கறது, யாரு உட்கார்றதுங்கறது தனி. அதை ஒரு கார்டுல எழுதி வெச்சுக்குங்க. சரிவரலைன்னா கார்டை மாத்துங்க, கிழிச்சுப் போட்டு வேற எழுதுங்க. எழுந்திரிக்கறதை மட்டும் மாத்தாதீங்க."

"கார்டை யாரும்மா எழுதறது?" என்றாள் ஊரிகம் அக்கா.

"அது உங்க இஷ்டம். நான் எழுதக் கூடாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட் கார்டு ஒன்று பையில் இருந்தது. அதன் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டேன். பங்காருபேட்டை வரை, மாலூர் வரை, ஒயிட்ஃபீல்டு வரை. ஒயிட்ஃபீல்டில் பாதிப் பேர் இறங்கிவிடுவோம், அதோடு கார்டு முடிந்தது. யார் யார் எந்தக் கட்டம் வேண்டும் என்று கேட்டார்களோ கேட்ட வரிசையில் எழுதினேன். எனக்கு முதல் கட்டமும் மூன்றாவது கட்டமும். எழுதுகிறவளுக்கு அந்தச் சலுகைகூட இல்லையென்றால் எப்படி?

அதிசயம்தான், அது நடந்தது. வாரம் ஒரு கார்டு. போன வாரக் கார்டைப் பார்த்து இந்த வாரக் கார்டு. தையல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவளுக்கு மூன்று கட்டமும் கொடுத்தேன். ஒருத்திக்குப் பல் பிடுங்கியிருந்தது, ஒருத்தி விரதம் இருந்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றி எழுதினேன். ஸ்டேஷன் வந்தால் எழுந்திரிப்பது மட்டும் மாறவில்லை. நான் இரண்டு வாரம் லீவில் போனபோது ஊரிகம் அக்கா என் கார்டைப் பார்த்துத் தன் இஷ்டப்படி நாலு மாற்றம் செய்து எழுதினாளாம். அப்போதும் சண்டை இல்லையாம். நான் திரும்பி வந்ததும் கோரமண்டல் பெண் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள்: "பார்த்தீங்களா சிஸ்டர், நீங்க இல்லாமலும் ஓடிச்சு!" இதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு முழுவதும் முகம் சரியில்லை.

அவளும் நானும் பேசுவது இரண்டாவது கட்டத்தில். பங்காருபேட்டையில் நான் எழுந்து கதவுப் பக்கம் போய்விடுவேன். மாலூர் வரை இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்த நேரத்துக்காகவே நான் அந்தக் கட்டத்தை எனக்கு எழுதிக்கொள்ளவில்லை. வார்டில் நான் பேசுவதெல்லாம் உத்தரவு. வீட்டில் பேச ஆளில்லை. மாலூருக்கு முன்னால் வரும் டேகல் பாறைகளைப் பார்த்துக்கொண்டு அவளோடு நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் ஒரு நாளில் நான் பேசின பேச்சு. அதை அவளிடம் சொன்னதில்லை. அவளுக்கும் அப்படித்தானா என்று கேட்டதும் இல்லை.

அவள் கம்பெனியில் அப்போது ஆஸ்பத்திரிக்கான மெஷின் ஒன்று செய்துகொண்டிருந்தார்கள். வார்டில் ஒவ்வொரு படுக்கையிலிருந்தும் வரும் எச்சரிக்கை ஒலியெல்லாம் ஒரே இடத்துக்கு வரும். சின்னத் திரையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் தெரியும். எது முதலில் தெரிய வேண்டும் என்பதை அடியில் இருக்கும் புரோகிராமிலேயே நிரந்தரமாக எழுதிவிடச் சொன்னாராம் அவள் மேனேஜர். அவள் முடியாது என்றிருக்கிறாள். முடியாது என்று அவள் சொல்லி நான் கேள்விப்பட்டது அது ஒன்றுதான்.

"சிஸ்டர், மூணு பெட்ல ஒரே நேரத்துல சத்தம் வந்தா நீங்க மொதல்ல எங்க ஓடுவீங்க?" என்று கேட்டாள்.

"மூணு பெட்லயும் யார் கீறாங்கன்னு தெரியாம எப்படிச் சொல்றது? நேத்து ஆபரேஷன் ஆனவரா, தூக்கத்துல ஒயரைப் புடுங்கிக்கிற கெழவரா? அதைப் பார்த்துத்தான்."

கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதான் சிஸ்டர்! இதை ஆபீஸ்ல உட்கார்ந்துகினு நான் எப்படி எழுதறது? நீங்க கை காட்டினா அந்த நிமிஷமே மாத்திக் கொடுக்கணும், அது என் வேலை. ஒரு நொடி லேட்டானா என்னைத் திட்டுங்க. யாரு மொதல்லன்னு கை காட்டறது உங்க வேலை. ரெண்டையும் ஒண்ணாப் பெசஞ்சிட்டா அப்புறம் பிரிக்க முடியாது. உங்க வார்டுல ஒரு பெட்டை மாத்தணும்னாகூட பெங்களூர்ல இருந்து நான் வரணும்."

ஆபீஸில் இவற்றுக்கு மெக்கானிசம், பாலிசி என்று பெயராம். எப்படிச் செய்வது என்பது ஒன்று. என்ன செய்வது, யாருக்குச் செய்வது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் வேண்டும் என்று பல பேர் பல காலமாகச் சொல்லிவருகிறார்களாம். இவள் அதை வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை, வேதமாகவே எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"சரி, நாங்க ஒண்ணும் எழுதிக் கொடுக்காம உட்டுட்டோம்னு வெச்சுக்கோ. அப்போ?" என்று சும்மா கேட்டேன். ஒரு வார்த்தை சீண்டாமல் எனக்குப் பொழுது போகாது.

டேகலில் கேட்டேன். மாலூர் நெருங்கும்போதுதான் பதில் வந்தது. "அதான் சிஸ்டர் கஷ்டம். ஒண்ணும் எழுதலைன்னாலும் ஏதோ ஒண்ணு நடந்துதானே ஆகணும்? யாரு மொதல்ல கூப்பிடறாங்களோ அவங்களுக்குன்னு வெச்சிருக்கேன். அதுவே ஒரு முடிவுதான். நான் எடுக்கக் கூடாத முடிவு. ஆனா வேற வழி தெரியல."

"கூப்பிடவே கூப்பிடாதவங்க?"

"சத்தமே வராத பெட்டுன்னா மெஷினுக்கு அப்படி ஒரு பெட்டு இருக்கறதே தெரியாது சிஸ்டர்."

மேனேஜர் கடைசியில் ஒப்புக்கொண்டார். அந்த வரிசை புரோகிராமுக்கு வெளியே ஒரு பட்டியலாகப் போனது. அன்றைக்கு எங்கள் பதினான்கு பேருக்கும் அவள் கடலை வாங்கிக் கொடுத்தாள். "காரமா, உப்பா?" என்று கடலைக்காரர் கேட்டதும் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். "ஏழு காரம், ஏழு உப்பு" என்றேன். அப்படி ஒரு நிம்மதி அவள் முகத்தில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். கோரமண்டலில் சுரங்கக் குடும்பங்களுக்குக் கட்டிய லைன் வீடு. இரண்டு அறை, துடைத்துவிட்ட மாதிரி சுத்தம், ஒரே ஒரு நாற்காலி. "காப்பி இருக்கு, டீ இருக்கு, ராகி மால்ட்டும் இருக்கு. இன்னா வேணும் சிஸ்டர்?" என்றாள். "எதுன்னாலும் சரிம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். அடுப்படிக்குப் போனவள் போனவள்தான். எட்டிப் பார்த்தால் மூன்று டப்பாவையும் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "டீ!" என்று கத்தினேன். இரண்டு நிமிஷத்தில் வந்தது. அப்படி ஒரு டீ நான் பெங்களூரில்கூடக் குடித்ததில்லை.

என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் சுவரோரம் நின்றாள். "நீயும் உட்காரேன்" என்றேன். சொன்ன உடனே தரையில் உட்கார்ந்தாள். காலை நீட்டி ஒரு பெருமூச்சு விட்டாள். என் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை.

சுவரில் அவள் அப்பா படம். சுரங்கத்தில் கேஜ் இன்ஜின் ஓட்டியவர். ஆட்களையும் பாறையையும் ஏற்றி இறக்குகிற அந்த இரும்புக் கூண்டைக் கயிற்றில் இழுக்கிற இன்ஜின். "அவர் இருந்த ரூம்ல இருந்து கூண்டு எறங்கற ஷாஃப்ட் வாயே தெரியாது சிஸ்டர்" என்றாள். "பெல்லுதான். இத்தனை அடிச்சா ஆளுங்க, இத்தனை அடிச்சா கல்லு, இந்த லெவல், அந்த லெவல். பெல் அடிக்கறவரு இன்ஜினைத் தொடமாட்டாரு. எங்கப்பா பெல்லைத் தொடமாட்டாரு. யாரு எறங்கறாங்க, இன்னாத்துக்கு எறங்கறாங்கன்னு கேக்கவே மாட்டாரு. கேட்டா கை நடுங்கும்னு சொல்லுவாரு."

"மைன்ஸ் மூடினப்புறம்?"

"வூட்லதான் இருந்தாரு. சாப்பிடுங்கன்னா சாப்பிடுவாரு. தூங்குங்கன்னா தூங்குவாரு. சொல்லலைன்னா அப்படியே இருப்பாரு. நான் காலேஜ்ல இருந்து வந்து பார்த்தா காலையில வெச்ச சோறு வெச்ச மாதிரியே இருக்கும். கடைசி வரைக்கும் நான்தான் சொல்லிகினு இருந்தேன்."

இப்போது உனக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மட்டன் வாங்க வேண்டும், கடையில் கூட்டம் வந்துவிடும் என்று எழுந்துவிட்டேன். வாசலில் நின்று கையை ஆட்டினாள். ஆட்டோ திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் கம்பியைப் பிடித்து நிற்கும்போது சொன்னாள்: "சிஸ்டர், கெண்டைக்கால்ல நரம்பு பச்சையாப் பொடைச்சிகினு கீது. சாயங்காலம் ஆனா வலிக்குது." குனிந்து பார்த்தேன். வெரிகோஸ், பார்த்தாலே தெரிந்தது.

"இது நின்னே வேலை செய்யறவங்களுக்கு வர்றது. எங்க நர்ஸுங்களுக்கு வரும், ஓட்டல் சப்ளையருக்கு வரும், கண்டக்டருக்கு வரும். ஏசி ரூம்ல உட்கார்ந்துகினு கீற உனக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்றேன்.

சிரித்தாள்.

"நிக்கறதைக் கொறைச்சுக்கோ. இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் விக்குது, வாங்கிப் போடு."

"சரிங்க சிஸ்டர்."

மாலூர் வந்தது. நான் என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாலூர் தாண்டினால் எனக்குக் கண்ணைச் சொக்கும். ஒயிட்ஃபீல்டில் யாராவது தட்டி எழுப்ப வேண்டும். எழுந்து கதவுக்கு வந்தால் அவள் அங்கே நிற்பாள். என் டிபன் பையை வாங்கிக்கொண்டு, நான் இறங்கினதும் கையில் கொடுப்பாள். தினமும் எனக்காக எழுந்து வந்து வழியனுப்புகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். இவ்வளவு மரியாதை தெரிந்த பெண்ணா என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருக்கும்.

புனே விஷயம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அவள் கம்பெனியில் அந்தப் பிரிவையே புனேவுக்கு மாற்றுகிறார்களாம். போகிறவர்கள் போகலாம், போகாதவர்கள் மூன்று வாரத்தில் சொல்லிவிட்டு வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். அவள் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். "போறதுன்னா ஹாஸ்டல் பார்த்து வெச்சிருக்கேன் சிஸ்டர். வூட்டைப் பூட்டிட்டு சாவியைப் பக்கத்து வூட்ல கொடுத்துடலாம். போகலைன்னா ஒயிட்ஃபீல்டுலயே ரெண்டு கம்பெனி கூப்பிடறாங்க. உங்க ஆஸ்பத்திரிகிட்டத்தான். ரெண்டும் முடியும்." கம்பியில் கையை மாற்றிப் பிடித்தாள். "நீங்க இன்னா சொல்றீங்க?"

முந்தின நாள் வார்டில் ஒரே படுக்கைக்கு இரண்டு குடும்பம் சண்டை. நீங்களே பார்த்துக்குங்க சிஸ்டர் என்று டாக்டர் போய்விட்டார். யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவர் சாபம் எனக்கு. அந்த எரிச்சல் இன்னும் இருந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. இவள் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை, நான் இங்கேதான் இருக்கணும் சிஸ்டர், உங்களோடதான் ரயில்ல வரணும் என்று வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை நான் சொன்னால் என் கௌரவம் என்ன ஆவது?

"உன் வாழ்க்கை. நீதான் முடிவு எடுக்கணும்" என்றேன். "எல்லாத்துக்கும் அடுத்தவங்க மூஞ்சியைப் பார்த்துகினு இருந்தா எப்படி? ஒரு தடவையாவது நீ சொல்லு."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சரிங்க சிஸ்டர்" என்றாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. தினமும் டேகல் வந்தது, மாலூர் வந்தது. யார் வீட்டிலோ பெண் கல்யாணம், வெங்காய விலை, வார்டு ஆயாவின் அடாவடி எல்லாம் பேசினோம். கடைசி வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். ஒயிட்ஃபீல்டில் இறங்கினேன். பையை நீட்டினாள். "வரேன் சிஸ்டர்" என்றாள். "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றேன். ரயில் நகர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை புதுக் கார்டு எழுதும் நாள். பங்காருபேட்டை தாண்டிக் கம்பியைப் பிடித்துத் தனியாக நின்றேன். பிடிக்கவில்லை. மாலூரில் உட்கார்ந்ததும் போன வாரக் கார்டை எடுத்தேன். அவள் பெயரை அடித்துவிட்டு மீதியைப் பார்த்து எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன். மூன்றாவது கட்டத்தில் தேடினேன். இல்லை. இரண்டாவதில் இல்லை. முதலாவதிலும் இல்லை. ஒருத்திக்கு ஒரு தடவை என்று பெயர்களை எண்ணினேன். பதிமூன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினேன்.

பழைய கார்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பையின் பக்கவாட்டு ஜிப்பில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன், இரண்டரை வருடத்துக் கார்டுகள். ஒன்றொன்றாகப் புரட்டினேன். ஊரிகம் அக்கா எழுதின இரண்டைத் தவிர எல்லாம் என் கையெழுத்து. பல் பிடுங்கியவள் இருந்தாள், விரதக்காரி இருந்தாள், கேட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அவள் ஒன்றில்கூட இல்லை. அடிப்பதற்கு எனக்கு ஒரு பெயர் இல்லை.

"கோரமண்டல் பொண்ணு எப்போ உட்காருவா?" என்று ஊரிகம் அக்காவைக் கேட்டேன்.

"உங்க கூடத்தானே சிஸ்டர்? கடைசிக் கட்டத்துல. நான் அந்தப் பக்கம் பார்த்துகினு இருப்பேனா, கவனிக்கலே" என்றாள் அவள்.

கண்டோன்மெண்ட் வரை போகிற பெண் ஒருத்தி சொன்னாள்: "அவங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லீங்க. ஒயிட்ஃபீல்டுல நீங்கல்லாம் எறங்கினா வெளியாளுங்க பாய்ஞ்சு வந்து உட்கார்ந்துக்குவாங்க. அவங்க கதவுகிட்ட இருந்து வர்றதுக்குள்ள நெறைஞ்சிடும். உங்களுக்கு நிக்கறதுதான் பிடிக்கும்போலன்னு ஒரு நாள் கேட்டேன். சிரிச்சாங்க."

நான் நர்ஸ். முப்பது படுக்கையில் யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று வார்டு வாசலிலிருந்தே சொல்வேன். நிற்பதைக் குறைத்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, அவள் நின்றுகொண்டிருக்கும்போதே உட்காரப் போனவளும் நான்தான்.

போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்.

"இன்னாம்மா இது? கார்டுல உன் பேரே இல்லியே?"

"ஆமா சிஸ்டர்."

"ரெண்டரை வருஷம்! வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நீ சொன்ன முறைதானே அது? நீயே எழுதிக்கக் கூடாதா?"

"கார்டு உங்க கிட்ட இருந்துச்சு சிஸ்டர். அதுல நான் கை வெக்கக் கூடாது."

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா எழுதியிருப்பேனே, பாவி!"

"கேட்டா எழுதுவீங்கன்னு தெரியும் சிஸ்டர்" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "கேக்காம எழுதுவீங்களான்னு பார்த்தேன். மொத ஒரு மாசம் பார்த்தேன். அப்புறம் பழகிடுச்சு."

புனேவையும் அப்படித்தான் கேட்டாயா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை, பதில் எனக்குத் தெரியும். வந்துடு என்று சொல்லலாமா என்று நினைத்தேன். புனே ஆபீஸில் முதல் நாள் அவளுக்கு. இப்போது சொன்னால் அந்தக் குழந்தை உண்மையாகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்கும். அது எனக்குப் பயமாக இருந்தது.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"இல்ல சிஸ்டர்."

"போய்ச் சாப்பிடு. இட்லி சாப்பிடு. நாலு."

"சரிங்க சிஸ்டர்" என்றாள். உடனே நடக்கத் தொடங்கிவிட்டாள்போல; செருப்புச் சத்தம் போனில் கேட்டது.

ஒயிட்ஃபீல்டு வந்தது. எழுந்திரிப்பதில் பேச்சே இல்லை. எழுந்தேன். கார்டுகளை மறுபடி ரப்பர் பேண்டில் கட்டி, டிபன் பையை நானே தூக்கிக்கொண்டு இறங்கினேன்.